நடுக்கடல் பிரசங்கம்

“அப்பா, இன்னும் எவ்ளோ நேரம்?”

ஜெனிஸ் இதைக் கேட்டபோது, பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஃபாதர் ஞானதீபம் மூச்சு வாங்குவதற்காகச் சற்று நிறுத்தியிருந்தார். அதனால் கேள்வி அவளுடைய அப்பா கிளாட்வினின் காதோடு நிற்காமல், முன்னால் நாலைந்து பெஞ்சு, பின்னால் நாலைந்து பெஞ்சு என்று தாராளமாகப் பரவியது.

“இப்ப முடிஞ்சிரும்,” என்று கிளாட்வின் வாய்க்குள் சொன்னான்.

“இப்பன்னா?”

“இப்பன்னா இப்பதான். சும்மா இரு பிள்ள.”

ஜெனிஸ் சும்மா இருந்தாள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பீடத்தில் எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் போனது. கிளாட்வினுக்கு அது கொஞ்ச நேரம். ஏழு வயதுக்கு அது எவ்வளவோ.

“அப்பா, இப்ப எவ்ளோ நேரம்?”

பின் பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது டெல்பின் அக்கா என்பது திரும்பிப் பார்க்காமலே கிளாட்வினுக்குத் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருப்பவள். அந்தச் செருமலில் ஒரு கண்டனத் தீர்மானமே அடங்கியிருக்கும்.

கிளாட்வின் சரக்குக் கப்பலில் மூன்றாம் என்ஜினியர். வருஷத்தில் முக்கால்வாசி நாட்கள் அவனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏதாவது ஒரு சமுத்திரம் கிடக்கும். போன தடவை விடுமுறையில் வந்தபோது, மகள் அவனைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வணக்கம் சொல்வது போலத் தினமும் காலையில் “குட்மார்னிங் அப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. இந்தத் தடவை பெட்டியைக் கட்டும்போதே ஒரு முடிவோடுதான் கட்டினான்: பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது. கடற்கரைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, கணுக்கால் நனைந்தாலே துள்ளி ஓடுகிறது என்றால் வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா. தவிர, அவனுக்குத் தெரிந்து மகளுக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. என்ஜினைப் பற்றி ஏழு வயதுப் பிள்ளையிடம் எவ்வளவுதான் பேசுவது.

வாரநாளில் பள்ளிக்கூடம், சனிக்கிழமை காலை மறைக்கல்வி வகுப்பு, சாயங்காலம் கடலில் காற்று. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பைக்கில் நேராகக் கடற்கரைக்குப் போவது என்று ஏற்பாடு. அந்த நேரத்தில் கடல் தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். அவன் மனைவி பிளாரன்ஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

“வெயில் ஏறிட்டுன்னா பிள்ளைய தண்ணியில எறக்கக் கூடாது. போன கோடையில காய்ச்சல்ல கெடந்து நான் பட்டது போதும்.”

பிளாரன்ஸ் சொன்னால் சொன்னதுதான். அவள் பாடகர் குழுவில் தலைமைக் குரல். பூசை நேரத்தில் மேலே மாடியில், கீபோர்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். எனவே கீழே பெஞ்சில் மகளைக் கட்டிக் காப்பது முழுக்க முழுக்க கிளாட்வினின் டியூட்டி.

முதல் இரண்டு ஞாயிறும் ஏற்பாடு பிசகாமல் நடந்தது. பிள்ளையை இடுப்பளவு தண்ணீருக்குத் தூக்கிப் போய், வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துப் படுக்க வைத்தான். ஜெனிஸ் கண்ணை இறுக மூடி, கைகால் விறைத்துப் பலகை மாதிரி மிதந்தாள். அழவில்லை, கத்தவில்லை. வீட்டுக்கு வந்து, “பயம்னா என்னன்னே தெரியல பிளாரன்ஸ், நம்ம ரத்தம்லா,” என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

மூன்றாவது ஞாயிறில்தான் வினை ஆரம்பித்தது.

ஃபாதர் ஞானதீபம் அந்தப் பங்குக் கோயிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். இளவயது. கூச்ச சுபாவம். அவருடைய பிரசங்கம் மிகவும் சிறியது என்பதுதான் ஊருக்குள் அவருக்கு இருந்த பெரிய மரியாதை. பிரசங்கம் தொடங்கும்போது வெளியே பீடி பற்ற வைத்தவர்கள், பாதியில் அணைத்துவிட்டு உள்ளே வரவேண்டியிருந்தது. அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குப் பேதுருவின் வலையில் மீன் அகப்பட்ட கதையை எடுத்துக்கொண்டு, அந்த வலையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். வலை எதனால் ஆனது, கண்ணி எவ்வளவு பெரியது, வலையில் விழுந்தது சாளையா சீலாவா என்றெல்லாம் போனார். வலைத் தொழில் தெரிந்த பெரியவர்கள் பெஞ்சிலிருந்தே தலையை ஆட்டி மறுத்தார்கள். ஃபாதர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நடுநடுவே கிழக்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் வலைக்கே போனார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வெயில் முற்றத்தில் பளீரென்று விழுந்திருந்தது. பிளாரன்ஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து வானத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“இன்னைக்குக் கெடையாது,” என்றாள்.

கிளாட்வின் மகளை ஓரக்கண்ணால் பார்த்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிட ரெண்டு ஆப்பம் கூடவே சாப்பிட்டாள்.

“மனசுல உள்ளத வெளிய காட்ட மாட்டா,” என்றான் பிளாரன்ஸிடம். “என்னைய மாதிரி.”

பிள்ளைக்குக் கோயிலில் நேரம் போகாதது அவனுக்குப் புரியாத விஷயமில்லை. பெரியவர்களுக்கு ஒரு பூசை என்பது ஒரு பூசை. பிள்ளைகளுக்கு அதற்குள் ஒரு பள்ளிக்கூட வருஷமே இருக்கிறது. மின்விசிறி எத்தனை முறை ஆடுகிறது என்று பார்த்து முடித்து, முன்னால் இருப்பவரின் கழுத்து மரு எந்தப் பறவை மாதிரி இருக்கிறது என்று கண்டுபிடித்து முடித்து, கால் மரத்து, அந்தக் காலை உயிர்ப்பித்து, இன்னொரு காலை மரக்கவிட்டு, அப்போதும் ஃபாதர் “ஆகவே” என்பதையே தாண்டியிருக்க மாட்டார். என்ஜின் அறையில் நடுராத்திரி வாட்ச் டியூட்டி பார்ப்பவனுக்கு இந்தச் சங்கடம் தெரியும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் எந்த நேரத்தையும் கடத்திவிடலாம். தெரியாததுதான் கொடுமை. ஆகவே அதைத் தெரியவைத்துவிட்டால் போதும் என்று கிளாட்வின் முடிவு செய்தான்.

அடுத்த ஞாயிறு பூசை தொடங்கும் முன்பு மகளின் உள்ளங்கையை விரித்து, விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

“இங்கன பாரு. பூசைங்கறது ஒரு கப்பல் மாதிரி. முதப் பாட்டுல தூத்துக்குடி ஹார்பர விட்டுக் கெளம்புது. வாசகம் ரெண்டும் முடிஞ்சா லைட்ஹவுஸ் தாண்டிட்டோம். பிரசங்கம் நடுக்கடல். காணிக்கை எடுக்க வந்தா கொழும்பு. நன்மை அப்பம் குடுத்தா சிங்கப்பூர். கடைசி ஆசீர்வாதத்துல நங்கூரம். அம்புட்டுதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் நாம பைக்க எடுத்துட்டு நேரா கடலுக்கு.”

ஜெனிஸ் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நடுக்கடல் பெருசாப்பா?” என்று கேட்டாள்.

“பெருசுதான். ஆனா பயப்படாத, தாண்டிரலாம்.”

அன்று ஃபாதர் காணாமல்போன ஆட்டைத் தேடிப் போனார். ஆடு கிடைக்கவே இல்லை. மாப்பிள்ளையூரணிச் சந்தையில் ஆடு என்ன விலை விற்கிறது என்பதிலிருந்து, வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் குணத்தில் உள்ள வித்தியாசம் வரை சொன்னார். “கடைசியாக ஒன்று” என்று சொல்லிவிட்டு, ஜன்னலைப் பார்த்து, “கடைசிக்கு முன்னால் இன்னொன்று” என்றார். அதன்பின் வார்த்தை கிடைக்காமல் நின்றார்.

“அப்பா,” என்றாள் ஜெனிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஃபாதர் நடுக்கடல்ல நின்னுட்டாங்களா?”

சிரிப்பு பெண்கள் பக்கத்தில் ஆரம்பித்து ஆண்கள் பக்கம் வந்து, மாடியில் பாடகர் குழு வரைக்கும் ஏறியது. ஃபாதருக்குக் காது சிவந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவருக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டது. “நடுக்கடல்,” என்று ஆரம்பித்து, இயேசு புயலை அடக்கிய கதைக்குப் போனார். காணிக்கைத் தட்டு வந்தபோது ஜெனிஸ், “அதுக்குள்ள கொழும்பு வந்துட்டா?” என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. சிங்கப்பூருக்கு அவசரப்படுகிறாள் என்று கிளாட்வின் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அன்றும் வெயில் ஏறிவிட்டது.

அதற்கடுத்த வாரம் கோயிலில் சின்னப்பிள்ளைகள் எல்லோருமே கப்பலில் ஏறிவிட்டார்கள். மறைக்கல்வி வகுப்பில் ஜெனிஸ் சொல்லியிருக்க வேண்டும். பிரசங்கம் தொடங்கியதும் இடது பக்கத்திலிருந்து ஒரு பொடியன், “நடுக்கடல் வந்துட்டு,” என்று அறிவித்தான். காணிக்கையின்போது நாலு மூலையிலும் “கொழும்பு, கொழும்பு” என்று பஸ் கண்டக்டர் மாதிரிக் கேட்டது. பிரசங்கமோ முந்தின வாரத்தைவிட நீளமாகப் போனது.

பூசை முடிந்து டெல்பின் அக்கா கிளாட்வினை வழிமறித்தாள்.

“தம்பி, கேக்கேன்னு தப்பா நெனைக்காத. ஒம் பிள்ள கேக்கக் கேக்கத்தான் ஃபாதர் இழுக்காரு.”

“அது எப்படிக்கா?”

“எப்படின்னா? பேசுதவன மறிச்சா அவனுக்குக் கோவம் வரும். கோவம் வந்தா இன்னும் பேசுவான். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான். ஒம் பிள்ளையால இன்னைக்கு அடுப்புல வச்ச மக்ரூன் அம்புட்டும் கருகிட்டு.”

கிளாட்வின் கருகிய மக்ரூனில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இனிமேல் உள்ளே உட்காருவது சரிப்படாது என்று தோன்றியது. வெளியே, கேட்டுப் பக்கத்தில் நின்றால் பிள்ளை கேட்பது ஃபாதருக்குக் கேட்காது. நன்மை வாங்கியதும் இறுதி ஆசீருக்குக் காத்திருக்காமல் பைக்கை எடுத்துவிடலாம். ஊரில் பாதி ஆண்கள் வருஷக்கணக்காகச் செய்துவருவதுதான்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் மகளும் கேட்டை ஒட்டி நின்றார்கள். ஃபாதர் நற்செய்தியை வாசித்துவிட்டு நிமிர்ந்து, வழக்கமான பெஞ்சைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோயில் முழுக்கத் தேடினார். கடைசியில் வாசலுக்கு வெளியே, வேட்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே ஒரு மஞ்சள் கவுனைக் கண்டுபிடித்தார்.

“வெளியே நிற்பவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது,” என்று மைக்கில் சொன்னார். “அதனால் நற்செய்தியை மறுபடியும் ஒருமுறை வாசிக்கிறேன்.”

வாசித்தார். அதன்பின் பிரசங்கம். நன்மை கொடுத்து முடித்ததும், கிளாட்வின் பைக் சாவியைத் துழாவும்போது, மைக் மறுபடியும் பேசியது.

“இறுதி ஆசீருக்கு முன்னால் போவது நல்ல பழக்கம் அல்ல. உபதேசியார், கேட்டைச் சாத்துங்க. சில அறிவிப்புகள் இருக்கு.”

கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் கேட்டைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்துகொண்டார். அறிவிப்புகள் சில அல்ல. கோயிலுக்கு வெள்ளையடிப்பது, தெருவாரி அன்பியக் கூட்டம், பெரியதாழையில் நடக்கும் திருவிழா, கல்லறைத் தோட்டத்தில் மேயும் மாடு என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வந்தது. சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் கிளாட்வினைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அவர்கள் காப்பாற்றி வந்த சுதந்திரம் அவனால் போயிற்று.

ஜெனிஸ் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். “பரவாயில்லப்பா,” என்றாள்.

இந்த வயதில் இப்படி ஒரு பொறுமையா என்று கிளாட்வின் அதிசயப்பட்டான். உண்மையில் அந்த வாரங்களில் பிள்ளை அவனிடம் மிகவும் ஒட்டிக்கொண்டாள். நீண்ட பிரசங்கங்களில் அவன் தோளில் சாய்ந்துகொள்வாள். அவன் காதோடு காதாகச் சொல்லும் கப்பல் கதைகளைக் கேட்பாள். சில நாள் மடியிலேயே தூங்கிப் போவாள். காலையில் குட்மார்னிங் சொல்வதை விட்டுவிட்டு, எழுந்ததும் வந்து முதுகில் ஏறினாள். இதெல்லாம் அந்த முதல் இரண்டு நாள் நீச்சலின் பலன் என்று அவன் நம்பினான். இரண்டு நாளிலேயே இவ்வளவு என்றால், தொடர்ந்து சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும். அந்த நினைப்பில்தான் அடுத்த யோசனை உதித்தது.

“நாம முதப் பூசைக்குப் போவோம்,” என்றான் பிளாரன்ஸிடம்.

விடியும் முன்பே நடக்கும் முதல் பூசை, உள்ளதிலேயே சுருக்கமானது. துறைமுகத்தில் காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், உப்பளத்துக்குப் போகிறவர்கள், இவர்களுக்காகவே வைத்த பூசை அது. பாட்டு கிடையாது, கீபோர்டு கிடையாது. பிரசங்கம் நாலு வாக்கியம். வாசலில் துறைமுக பஸ் என்ஜினை அணைக்காமலே நிற்கும்.

“பிள்ள அந்நேரம் எந்திரிப்பாளா?” என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

“கடலுக்குன்னா எந்திரிப்பா.”

ஜெனிஸ் எழுந்திருக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டுதான் போனான். முன் பெஞ்சில் இடம் கிடைத்தது.

பீடத்துக்கு வந்த ஃபாதர் ஞானதீபம் சிலுவை அடையாளம் போடக் கையை உயர்த்தி, முன் பெஞ்சைப் பார்த்து, அப்படியே நின்றார். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று கிளாட்வின் நினைத்தான். நற்செய்தி முடிந்ததும் ஃபாதர் கிழக்கு ஜன்னலைப் பார்த்தார். வெளியே கும்மிருட்டு. சுருட்டி வைத்த வெயில் எப்போது விரியும் என்ற குறி எதுவும் அங்கே தெரியவில்லை. பெருமூச்சு விட்டார்.

“ஆதியிலே,” என்று ஆரம்பித்தார், “கடவுள் விண்ணையும் மண்ணையும் படைத்தார்.”

ஒவ்வொரு நாளாகப் படைத்துக்கொண்டு வந்தார். ஒளியைப் படைக்கும்போது வாசலில் பஸ் ஒருமுறை ஹார்ன் அடித்தது. பறவைகளைப் படைக்கும்போது இரண்டு முறை அடித்தது. ஆதாமைப் படைக்க மண்ணைக் கையில் எடுத்தபோது, பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஜெனிஸ் மட்டும் கண் விழித்து, பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, மிகுந்த ஈடுபாட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னும் எவ்ளோ நேரம்பா?”

“தெரியல பிள்ள. இப்பதான் ஏவாள் வந்திருக்கா.”

பூசை முடியும்போது இரண்டாவது பூசைக்கு வந்த கூட்டம் வாசலில் நின்றது. முதல் கூட்டம் வெளியே வரமுடியாமல் நெரித்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் கிளாட்வினைச் சூழ்ந்துகொண்டார்கள். பங்குப் பேரவைச் செயலாளர் ஜாக்சன் அண்ணாச்சி, ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், நடுவில் வந்து நின்றார். கிளாட்வினின் அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“ஏலே கிளாட்வின், நீ எந்தப் பூசைக்கு வாரியோ அந்தப் பூசையத்தான் அவரு இழுக்காரு. இத ஊரே பாத்துட்டு. ரெண்டாம் பூசையிலதான் எங்க உயிர எடுத்தேன்னா, ஷிஃப்ட்டுக்குப் போறவன் பொழப்புலயும் மண்ணப் போடுதியே.”

“நான் என்ன அண்ணாச்சி செஞ்சேன்?”

“என்ன செஞ்சியோ. மொதல்ல இவங்கள ஹார்பர் கேட்டுல கொண்டுவிடு.”

கிளாட்வின் பைக்கில் இரண்டிரண்டு பேராக ஏற்றித் துறைமுக வாசலுக்கும் கோயிலுக்குமாக ஓடினான். கடைசி ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெயில் கண்ணில் குத்தியது. கோயில் முற்றத்து நிழலில் ஜெனிஸ் உபதேசியாரின் பேத்தியோடு பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு விடுமுறை முடிந்துகொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. வரும் வாரம் மும்பை போய்க் கப்பல் ஏற வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. கடலை ஒட்டி வீடு, மேகமில்லாத வானம், அலையில்லாத தண்ணீர், எல்லாம் இருந்தும் பிள்ளைக்கு நீச்சல் இல்லாமல் போகப்போகிறது என்பதை நினைக்க அவனுக்கு ஆறவில்லை. இனி அவன் திரும்பி வரும்போது அவள் மறுபடியும் பிளாரன்ஸின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜாக்சன் அண்ணாச்சி வீடு தேடி வந்தார்.

“பேரவையில பேசிட்டோம். நீயே ஃபாதரப் போய்ப் பாரு. மன்னிப்புக் கேக்கணும்னா கேளு. கால்ல விழணும்னா விழு. நாளைக்கு பிஷப் ஹவுஸ்ல இருந்து ஆள் வருது, மானம் போயிரும்.”

கிளாட்வின் குளித்து, சட்டை மாற்றி, டெல்பின் அக்கா பேக்கரியில் கருகாத மக்ரூனாக ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஃபாதர் பங்களாவுக்குப் போனான்.

ஃபாதர் ஞானதீபம் மேஜை நிறையப் புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றிய தடிமனான ஒரு புத்தகமும் அதில் இருந்தது. நாளைக்கு என்ன வரப்போகிறதோ என்று கிளாட்வின் அதன் பக்கங்களைக் கண்ணால் அளந்தான்.

“வாங்க கிளாட்வின். உக்காருங்க.”

“ஃபாதர், பிள்ள பிரசங்கத்துல குறுக்க குறுக்கப் பேசுனதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேன்.”

“சே சே. குழந்தைதான.”

“அந்தக் கப்பல் கதை நான் சொன்னதுதான் ஃபாதர். அதுக்கும் மன்னிப்பு. கேட்டுப் பக்கத்துல நின்னதுக்கும்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்ப எங்க மேல ஒங்களுக்குக் கோவம் இல்லையா?”

“எனக்கா? ஒங்க மேலயா?” ஃபாதர் உண்மையாகவே திகைத்தார்.

கிளாட்வினுக்குக் குழப்பமாக இருந்தது. பெட்டியை மேஜை மேல் வைத்தான். வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டான்.

“அப்படின்னா ஃபாதர், நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் சுருக்கமாப் பேசுவீங்களா? நான் வியாழக்கெழம கப்பல் ஏறுதேன். பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கணும்னு ஆச. பூசை முடியும்போது வெயில் ஏறிருது, அவ அம்மா விடமாட்டேங்கா. எனக்காகக் கேக்கல ஃபாதர். பிள்ள ஏங்கிப் போயிருக்கா. வெளிய சொல்ல மாட்டா, அவ்வளவுதான்.”

ஃபாதர் இருமினார். மக்ரூன் பெட்டியைப் பார்த்தார். புத்தகங்களைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“கஷ்டம் கிளாட்வின்,” என்றார்.

“ஏன் ஃபாதர்?”

“எனக்கு மட்டும் பேச ஆசையா? வாரம் முழுக்க இதே வேலையாப் போச்சு. ராத்திரி தூக்கம் கெடையாது. ஆனா ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். யாருன்னு சொல்லமாட்டேன்னும் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“பிஷப்பா ஃபாதர்?”

“பிஷப்னாக்கூட எடுத்துச் சொல்லிப் பாத்திருப்பேன். இது அழுகிற ஆளு.”

ஊரில் யாருக்கு இப்படி ஒரு வேண்டுதல் இருக்கும் என்று கிளாட்வின் ஒவ்வொரு பெஞ்சாக மனதுக்குள் நடந்து பார்த்தான். ஒருவரும் பிடிபடவில்லை.

அடுப்படியிலிருந்து அமலோற்பவம் அம்மாள் தேநீர் கொண்டுவந்தாள். பங்களாவில் சமைப்பவள். எத்தனையோ ஃபாதர்களைப் பார்த்தவள். தம்ளரைக் கிளாட்வின் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஃபாதர் வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“ஃபாதர்தான வாக்குக் குடுத்தாரு, நான் குடுக்கல,” என்றாள். “ஒங்க மவதான் தம்பி, போன மாசமே மறைக்கல்வி முடிஞ்சு இங்கன வந்து நின்னு தேம்பித் தேம்பி அழுதா: ‘பூசை வெரசா முடிஞ்சா அப்பா என்னைய கடல்ல எறக்கிருவாங்க ஃபாதர், வெயில் ஏறுற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க’ன்னு.”